எருசலேமில் ஏழு நாள், ஒரு சக்கர நாற்காலியோடு

ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. அம்மாவின் கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது. என் தோள்வலிதான் இன்னும் போகவில்லை. பயணத்தில் நோட்டில் கிறுக்கி வைத்ததை நாள்வாரியாக இங்கே போடுகிறேன். கலிலேயாக் கடல், கல்லறைத் தோட்டம் எல்லாம் எங்களுக்கு முன்னால் போனவர்கள் ஏராளமாக எழுதிவிட்டார்கள். குழுவை விட்டுப் பிரிந்து நானும் அம்மாவும் எருசலேமில் மாட்டிக்கொண்ட அந்த ஒரு வாரத்தை மட்டும் எழுதுகிறேன்.

மார்ச் 18, 2019, திங்கள்

இரவெல்லாம் மழை. காலையில் விட்டுவிட்டது, ஆனால் பழைய நகரத்தின் கல்தளம் எண்ணெய் தடவியதுபோல் இருந்தது. நாகர்கோவிலிலிருந்து கிளம்பிய எங்கள் குழுவில் 38 பேர். சிலுவைப் பாதையில் மூன்றாம் நிலை. "இங்கேதான் இயேசு முதல்முறை விழுந்தார்" என்று வழிகாட்டி சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். அம்மா.

வயது 71. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வலியில் முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனாலும் நாலு பேர் கைகொடுக்க ஓடி வந்தபோது அவள் முதலில் சரிசெய்தது சேலைக் கொசுவத்தைத்தான். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. எல்லாரும் நடங்க."

எதிரே மசாலாக் கடை வைத்திருந்த அரபுக்காரர் பிளாஸ்டிக் முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். ஏதோ மூலிகை போட்ட தேநீர் வந்தது. அம்மா செருப்பைக் கழற்றிக் காலைப் பார்த்தபோது அவர் வேடிக்கை பார்த்தவர்களைக் கையசைத்து விரட்டிவிட்டு, தானும் கடைக்குள் திரும்பிக்கொண்டார். தேநீருக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை.

ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே, கட்டு, மாத்திரை எல்லாம் சேர்த்து 1,100 ஷெக்கல். ஒரு ஷெக்கல் கிட்டத்தட்ட 19 ரூபாய், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எலும்பு முறியவில்லை, கடுமையான சுளுக்கு. ஒரு வாரம் காலை ஊன்றக்கூடாது. குழுவோ நாளை எகிப்துக்குக் கிளம்புகிறது. கட்டிய பணம் திரும்ப வராது என்று பயண ஏற்பாட்டாளர் சொன்னதையும், டிக்கெட்டை 24ஆம் தேதிக்கு மாற்ற இரண்டரை மணி நேரம் போனைப் பிடித்துக்கொண்டு இருந்ததையும் விவரித்தால் எனக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறும். யாஃபா சாலைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சிறிய விடுதியில் அறை கிடைத்தது. ஒரு நாளைக்கு 340 ஷெக்கல். சுடுதண்ணீர் வரும், ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

மார்ச் 19, செவ்வாய்

விடுதிப் பையன் அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னான்: "யாத் சாரா." ஏதோ மருந்துக்கடை என்று நினைத்தேன். ஹெர்ட்சல் மலைப் பக்கம் பெரிய கட்டடம். டாக்ஸிக்காரர் மீட்டர் போட மறுத்து 65 ஷெக்கல் வாங்கினார்.

உள்ளே ஊன்றுகோல், நடைச்சட்டம், சக்கர நாற்காலி என்று வரிசை வரிசையாக இருக்கிறது. எல்லாம் இரவலுக்கு. பாஸ்போர்ட்டைக் காட்டி, ஒரு படிவம் நிரப்பி, முன்பணம் கட்டினால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகலாம். திருப்பிக் கொடுக்கும்போது முன்பணமும் திரும்பிவிடும். வாடகை கிடையாது. விருப்பமிருந்தால் பெட்டியில் ஏதாவது போடலாம், போடாவிட்டாலும் யாரும் பார்க்கப்போவதில்லை.

அம்மா கேட்டாள்: "வருமானச் சான்றிதழ் கேக்கல்லியா?"

கேட்கவில்லை. எங்களுக்கு முன்னால் நின்றவர் வந்த காரைப் பார்த்தால் இதுபோல் பத்து நாற்காலி வாங்கக்கூடியவர் என்று தெரிந்தது. பின்னால் நின்ற பெண்ணின் காலணி பிய்ந்திருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே படிவம், ஒரே நாற்காலி.

யூரி லூபோலியான்ஸ்கி என்பவர் மூச்சுத்திணறும் குழந்தைகளுக்கு ஆவி பிடிக்கும் கருவிகளை வீட்டிலிருந்தே இரவல் கொடுத்து ஆரம்பித்தது இது. 1976இல் அமைப்பானது. யூத இன அழிப்பில் கொல்லப்பட்ட பாட்டி சாராவின் பெயரை வைத்தார். பின்னாளில் இதே ஊருக்கு மேயராகவும் இருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத் தொண்டர்கள், அதிலும் நிறையப் பேர் ஓய்வுபெற்றவர்கள்.

அப்படி ஒரு தொண்டர்தான் எங்கள் படிவத்தைச் சரிபார்த்தார். வெள்ளை முடி, தலையில் துணி கட்டிய பெண்மணி. நான் "அம்மா, இங்க கையெழுத்துப் போடு" என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நாட்டில் எவிடெயா?"

மலையாளம்! கொச்சி யூதர். 1954இல் ஒன்பது வயதில் பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். அவருடைய மலையாளம் அந்த வருடத்திலேயே நின்றுவிட்டிருந்தது, பழைய படத்தில் பேசுவதுபோல். அம்மா மார்த்தாண்டத்தில் பிறந்து வளர்ந்தவள், மலையாளம் அவளுக்குப் பக்கத்து வீட்டுப் பாஷை. பத்து நிமிடத்தில் "சேச்சி, சேச்சி" என்று ஆகிவிட்டது. சனிக்கிழமை, அவர்களுடைய ஓய்வுநாள், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரவேண்டும் என்றார் சேச்சி. நஹ்லாவோத்தில் வீடு, எங்கள் விடுதியிலிருந்து கால்மணி நேர நடை.

திரும்பும் வழியில் அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "முன்பணம் கட்டிருக்கோம்ல, அப்போ இது ஓசி இல்ல" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 20, புதன்

யூதர்கள் வந்து ஜெபிக்கும் மேற்குச் சுவர். பெண்கள் பகுதி சிறியது, நெரிசல் அதிகம். ஆனால் நாற்காலியைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே வழி பிரிந்தது. அம்மா கல்லில் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தாள்.

வெளியே வந்ததும் ஒரு சிவப்பு நூல்காரம்மா பிடித்துக்கொண்டார். கேட்காமலே அம்மாவின் மணிக்கட்டில் நூலைக் கட்டி, எபிரேயத்தில் மடமடவென்று ஆசீர்வதித்து, கையை நீட்டினார். ஐந்து ஷெக்கல் கொடுத்தேன். போதாது என்று அதட்டினார். இன்னும் ஐந்து. "ஏமாத்துக்காரி" என்று அம்மா முணுமுணுத்தாள், ஆனால் நூலை அவிழ்க்கவில்லை.

குளிர் 9 டிகிரி இருக்கும். மத்தியானம் ஒரு கடையில் பருப்பு சூப்பும் ரொட்டியும், 32 ஷெக்கல். நன்றாக இருந்தது. நம் ஊர்ப் பருப்புக்கு எலுமிச்சை பிழிந்து மிளகாயை மறந்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

இன்று எஸ்தர் உபவாசம். நாளை மறுநாள் இங்கே பூரிம், எஸ்தர் ராணி யூதர்களை ஆமானிடமிருந்து காப்பாற்றியதைக் கொண்டாடும் பண்டிகை. மாலையில் விடுதிச் சந்திலிருந்த சின்ன ஜெப ஆலயத்தின் கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு தட்டில் மூன்றே மூன்று அரை ஷெக்கல் நாணயம். ஒவ்வொருவராக வந்து பக்கத்துப் பெட்டியில் பணம் போட்டுவிட்டு, அந்த மூன்று நாணயத்தையும் கையில் எடுத்து உயர்த்திவிட்டு மறுபடி தட்டிலேயே வைத்தார்கள். அடுத்தவருக்கும் அதே மூன்று. எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியது. "யாத்திராகமம் முப்பதாம் அதிகாரம். ஐசுவரியவானும் அரைச்சேக்கல்தான், தரித்திரனும் அரைச்சேக்கல்தான். கூடவும் கூடாது, குறையவும் கூடாது." ஞாயிறு பள்ளியில் முப்பது வருடம் பாடம் எடுத்தவளாயிற்றே.

நாங்கள் எட்டிப் பார்ப்பதைக் கண்ட ஒரு பெரியவர் வெளியே வந்து பேசினார். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "செதாக்கா தட்சீல் மிமாவெத்" என்று வாசித்துவிட்டு, நீதிமொழிகள் 10, வசனம் 2 என்றார் ஆங்கிலத்தில். அம்மா சட்டென்று தமிழில் சொன்னாள்: "நீதியோ மரணத்துக்குத் தப்புவிக்கும்." பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டாள். "நீதின்னுல்லா இருக்கு? தர்மப் பெட்டியில எதுக்கு நீதின்னு எழுதுகான்?"

இரண்டுக்கும் இவர்களிடம் ஒரே சொல்தானாம். செதாக்கா. ஏழைக்குக் கொடுப்பது இரக்கப்பட்டுச் செய்கிற உபகாரம் அல்ல, அவனுக்குச் சேரவேண்டியதைச் சேர்ப்பது. அம்மா அறைக்கு வந்தும் அந்த வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பது வருடமாகத் தெரிந்த ஆளுக்கு இன்னொரு பெயர் இருப்பது தெரிந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

மார்ச் 21, வியாழன்

மழை. இஸ்ரேலில் மற்ற ஊர்களில் எல்லாம் இன்றைக்கே பூரிம். யோசுவா காலத்திலேயே மதில் இருந்த ஊர் என்பதால் எருசலேமில் மட்டும் ஒரு நாள் கழித்து. விடுதித் தொலைக்காட்சியில் டெல் அவீவ்காரர்கள் வேஷம் போட்டு ஆடுவதைப் பார்த்தோம். அடுமனையில் 'ஆமானின் காதுகள்' வாங்கினேன். முக்கோண பிஸ்கட், உள்ளே கசகசா விழுது. ஆறு, 24 ஷெக்கல். அம்மா ஒன்றைக் கடித்துவிட்டு, "முந்திரிக்கொத்துக்குப் பக்கத்துல வராது" என்று தீர்ப்பளித்து, இரண்டு தின்றாள்.

மார்ச் 22, வெள்ளி

இன்று நடந்ததை அம்மா எழுத வேண்டாம் என்றாள். பிறகு, "சரி, எழுது. ஆனா உள்ளதை உள்ளபடி எழுது" என்றாள்.

காலை பத்து மணிக்கு மஹனே யெஹுதா சந்தைக்குப் போனோம். பூரிமும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்துவிட்டதால் ஊரே அவசரத்தில் இருந்தது. பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், பண்டிகை விருந்தை அதற்குள் முடிக்கவேண்டும். மீன்கடையில் ராஜா வேஷம் போட்ட ஒருவர் கிரீடத்தோடு கெண்டைமீன் பேரம் பேசினார். தாடிக்காரர் ஒருவர் வாழைப்பழமாக வந்தார். பிள்ளைகள் போலீஸ், விண்வெளி வீரர், சிங்கம். யாரைப் பார்த்தாலும் கையில் பலகாரத் தட்டு, யாருக்கோ கொண்டு கொடுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். கை நீட்டியவர்களும் அன்று தெருவெங்கும் இருந்தார்கள். யார் உண்மையில் இல்லாதவர், யார் கந்தல் வேஷம் போட்டவர் என்று எனக்குத் தெரியவில்லை. கொடுத்தவர்களும் அதை யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு கோமாளி கொடுத்தான், ஒரு கிழவர் வாங்கினார். இருவருக்கும் முகம் தெரியாது.

ரொட்டி வாங்க நான் கடைக்குள் போனேன். அம்மாவை ஓரமாகத் தகரக்கூரையின் விளிம்பில் நிறுத்தியிருந்தேன். குளிருக்கு என் பழைய கம்பளிப் போர்வையை மூடியிருந்தாள். மழை தூறுகிறதா என்று பார்க்க உள்ளங்கையை வெளியே நீட்டியிருக்கிறாள்.

நான் திரும்பி வந்தபோது அம்மா அப்படியே கல்லாக உட்கார்ந்திருந்தாள். நீட்டிய கை நீட்டியபடி. அதில் ஒரு பத்து ஷெக்கல் நாணயம்.

ஏழு வயதுப் போலீஸ்காரர் ஒருவர் ஓடி வந்து வைத்துவிட்டு, "பூரிம் சமேயாஹ்!" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தூரத்தில் அவருடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். நான் நாணயத்தை எடுத்துக்கொண்டு அவர்களிடம் ஓடி, தப்பாகிவிட்டது, நாங்கள் யாத்திரீகர்கள், இதைப் பிடியுங்கள் என்றேன். அந்த மனிதர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பையனும் அப்பாவைப் பார்த்து அதே மாதிரி கட்டிக்கொண்டு சிரித்தான். "இன்றைக்கு யார் கை நீட்டினாலும் கொடுப்போம், எதற்கு என்று கேட்க மாட்டோம்" என்றார் அரைகுறை ஆங்கிலத்தில். திருப்பி வாங்கவே இல்லை.

அம்மா ஒரு மணி நேரம் பேசவில்லை. பிறகு, "முப்பத்தோரு வருஷ சர்வீஸ். என் கையில பிச்சை போட்டுட்டான், கேட்டியா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் சிரித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்ததால் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு மணிக்குமேல் கடைகள் சாத்த ஆரம்பித்தன. காய்க்கடைக்காரர் ஒருவர், வியாபாரம் முழுக்க எல்லோரையும் திட்டிக்கொண்டே இருந்தவர், லேசாக அடிபட்ட தக்காளியும் கத்தரிக்காயும் உள்ள நாலு பெட்டிகளை நடைபாதை ஓரமாக இழுத்து வைத்தார். தள்ளுவண்டிப் பையோடு ஒரு பாட்டி வந்து நிதானமாகப் பொறுக்கினார். நல்லதாகப் பார்த்துத்தான் பொறுக்கினார். அவர் போகும்வரை கடைக்காரர் ஷட்டரை முறைத்துக்கொண்டே நின்றார், அதில் ஏதோ கோளாறு இருப்பதுபோல். ஷட்டரில் ஒன்றுமில்லை. பாட்டி போனதும் ஒரே இழுப்பில் இறக்கிவிட்டார்.

அம்மா நாற்காலியிலிருந்து மெதுவாகச் சொன்னாள், "ரூத்."

பெத்லகேமில் போவாஸின் வயலில் கதிர் பொறுக்க வந்த ரூத்துக்காக, அரிகளிலிருந்து கொஞ்சம் வேண்டுமென்றே சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதிருங்கள் என்று போவாஸ் வேலைக்காரர்களிடம் சொன்னானே, அது. அம்மா விழுவதற்கு முன்பு குழுவோடு பெத்லகேமுக்குப் போயிருந்தோம். அங்கே அவளுக்கு ரூத் நினைவு வரவில்லை, ஒலிவமர ஒட்டகம் விலை பேசிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 23, சனி

டிராம் இல்லை, கடை இல்லை, சத்தமும் இல்லை. நஹ்லாவோத் சந்துகளில் படிக்கட்டு இருக்கும் என்று சேச்சி சொல்ல மறந்துவிட்டார். பதினோரு படி. வழியில் போன இரண்டு இளைஞர்கள் கேட்காமலே முன்சக்கரத்தைப் பிடித்துத் தூக்கினார்கள்.

சேச்சியின் கணவர் மொராக்கோவிலிருந்து வந்த குடும்பத்தவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இரண்டு ஆசிரியர்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் கேட்கவா வேண்டும். பேத்தி ஒருத்தி, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சேச்சியின் மலையாளமும் பேத்தியின் ஆங்கிலமும் பாலம்.

சாப்பாடு! ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் எல்லாம் வெள்ளி மாலையே மின்தட்டில் ஏற்றி வைத்தது. தேங்காய்ப்பால் விட்ட கோழிக்கறி. இறைச்சியோடு பால் சேர்க்கக்கூடாது என்ற விதிக்குத் தேங்காயைப் போல ஒரு தோழன் உண்டா? கறிவேப்பிலை வீட்டுத் தொட்டியில் பறித்தது. மிளகு தூக்கலான சேமியாப் புட்டு ஒன்று, எருசலேம் குகெல் என்று பெயர், சர்க்கரையைக் கருக்கிச் செய்வது, இனிக்கவும் செய்கிறது, காரமும் அடிக்கிறது. ஆறு நாளில் முதல்முறையாக அம்மா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

பாதிச் சாப்பாட்டில் அம்மா கைப்பையைத் திறந்து அந்தப் பத்து ஷெக்கலை எடுத்து, வெள்ளை மேசைவிரிப்பின் நடுவில் வைத்தாள். "பாருங்க சேச்சி, உங்க ஊர்ப் பையன் என்னைப் பிச்சைக்காரியாக்கினான்."

ஒரு கணம் அமைதி. சேச்சி கணவரைப் பார்த்தார். அவர் நாணயத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "இதிலே என்ன மரம் இருக்கிறது?"

"பனை."

"பேரீச்சை" என்று சிரித்தார். "பக்கத்தில் இரண்டு கூடை, பார்த்தீர்களா?"

அப்புறம் அவருக்குள் இருந்த வாத்தியார் எழுந்துகொண்டார். வயலை அறுக்கும்போது ஓரத்தை ஏழைக்கு விடவேண்டும், உதிர்ந்ததையும் மறந்துபோன கதிர்க்கட்டையும் எடுக்கக்கூடாது. இது வேதத்தில் உள்ளது, அம்மாவுக்கும் தெரியும். சொந்தக்காரன் அறுத்துக் கையில் கொடுப்பதல்ல, ஏழையே வந்து எடுத்துக்கொள்வான், அதனால் யாருக்கும் நன்றி சொல்லி நிற்கவேண்டியதில்லை. ஆனால் பேரீச்சைக்கும் பந்தல் திராட்சைக்கும் மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டநூல் வேறு விதி சொல்கிறது: சொந்தக்காரனே இறக்கிக் கொடுக்கவேண்டும். ஏனென்றால் ஏழை ஏறினால் விழுந்துவிடுவான்.

அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய தாத்தா பனையேறி. மரத்திலிருந்து விழுந்து ஆறு வருடம் படுக்கையில் கிடந்து செத்தவர். இதை அவள் யாரிடமும் பேசமாட்டாள், நானே அத்தை சொல்லித் தெரிந்துகொண்டதுதான். இப்போது சேச்சியிடம் சொன்னாள், மலையாளத்தில், இரண்டே வரியில். பேத்தி அதை எபிரேயத்தில் சொல்லி முடித்ததும் பெரியவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. சிவப்பு நூல்காரம்மாவைப் பற்றிச் சொன்னேன். யூத குருமார்களின் பழைய விவாத நூலான தல்மூதில் ரப்பி எலெயாசர் சொன்னதாம்: ஏமாற்றுக்காரர்களுக்கு நன்றி சொல்வோம், அவர்கள் இல்லாவிட்டால் கேட்கிறவனுக்கெல்லாம் கொடுக்காத நாம் தினமும் பாவிகளாகிவிடுவோம். ரப்பி அப்பா என்று இன்னொருவர், காசைத் துணியில் முடிந்து முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு ஏழைகள் நடுவே நடப்பாராம், வேண்டியவர்கள் முகம் காட்டாமல் அவிழ்த்துக்கொள்ளட்டும் என்று. கூடவே, ஏமாற்றுக்காரன் வந்துவிடாமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வாராம். அந்த ஓரக்கண்ணை அதே புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதி வைத்திருப்பது எனக்குப் பிடித்தது.

அதே நூலில் வரும் மார் உக்பா என்பவரின் கதையையும் சொன்னார். பக்கத்து வீட்டு ஏழையின் கதவிடுக்கில் தினமும் நாலு காசு போட்டுவிட்டு வருவார். யார் என்று பார்த்துவிடுவோம் என ஏழை ஒருநாள் காத்திருந்து கதவைத் திறக்க, மார் உக்பாவும் மனைவியும் ஓடிப்போய் அப்போதுதான் நெருப்பு வாரிய அடுப்பறைக்குள் ஒளிந்துகொண்டார்கள். அவர் கால் சுட்டது, மனைவி கால் சுடவில்லை. "என் கால்மேல் வையும்" என்றாள் அவள். அவருக்கு மனசு விட்டுப்போனது. அவள் சொன்ன காரணம்: நான் வீட்டில் இருப்பவள், நான் கொடுப்பது உடனே சாப்பிடக்கூடியது. காசை வாங்கிக்கொண்டு ஏழை இன்னும் கடைக்கு நடக்கவேண்டும் அல்லவா. சேச்சி இதைச் சொல்லும்போது கணவரை ஒரு பார்வை பார்த்தார், எந்த வீட்டிலும் இருக்கும் பார்வை.

அம்மாதான் கேட்டாள், வாங்குகிறவன் வெட்கப்படுவானே என்று இவ்வளவு தூரமா பயப்படுவது? பெரியவர் துக்கவீட்டைப் பற்றிச் சொன்னார். ஒரு காலத்தில் துக்கவீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பணக்காரர்கள் வெள்ளிக்கூடை, பொன்கூடையில் கொண்டுபோனார்கள், ஏழைகள் தோலுரித்த அலரிக்குச்சிக் கூடையில். ஏழைகளுக்கு வெட்கமாக இருந்தது. ஏழைகளுக்கு வெள்ளிக்கூடை வாங்கிக் கொடுக்கவில்லை. இனி எல்லோரும் குச்சிக்கூடையில்தான் கொண்டுபோகவேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார்கள். முதற்கனி படைக்கும்போது சொல்லவேண்டிய வசனத்தை வாசிக்கத் தெரிந்தவன் தானே வாசிப்பான், தெரியாதவனுக்கு ஒருவர் சொல்லிக் கொடுப்பார். தெரியாதவர்கள் வெட்கப்பட்டு வராமல் நின்றுவிட்டார்கள். அதற்கும் அதே வைத்தியம்: இனி எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பது, தெரிந்தவனுக்கும்தான்.

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குக் கால் வலிக்கிறது என்று நினைத்தேன்.

கிளம்பும்போது அம்மா நாணயத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். படிவரை துணைக்கு வந்த பேத்தி, அம்மாவுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னாள். ஓய்வுநாளில் அவர்கள் பணத்தைத் தொடமாட்டார்களாம், மேசையில் இருந்தால் நகர்த்தவும் மாட்டார்களாம். "உன் அம்மாவிடம் சொல்லாதே, தாத்தா என்னைக் கொன்றுவிடுவார்."

அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். நாணயம் கிடந்த இடத்தைச் சுற்றித்தான் தட்டுகள் நகர்ந்தன. குகெல் பாத்திரம் எட்டாமல் சேச்சி எழுந்து மேசையைச் சுற்றிப் போய் எடுத்தார். விரிப்பில் ரசம் சிந்தியபோது பெரியவர் நாணயத்துக்கு ஒரு விரல்கடை தள்ளித் துடைத்தார். இரண்டு மணி நேரம் ஒருவர்கூட ஒரு சொல் சொல்லவில்லை.

இரவு. விளக்கணைத்த பிறகு அம்மா பேசினாள்.

"மக்கா, தூங்கிட்டியா?"

"இல்ல."

"ஃபீஸ் சலுகை வாங்குத பிள்ளைங்க எல்லாம் எழும்பி நில்லுங்கம்பேன். ஒவ்வொரு ஜூன் மாசமும். எண்ணி எழுதணும்லா, அதுக்காக. நான் வேற ஒண்ணும் நினைச்சுச் சொல்லல்ல."

"தெரியும்மா."

"ஒரு பிள்ளை எழும்பவே மாட்டா. அப்பன் இல்ல, எல்லாச் சலுகையும் உண்டு. இலவச நோட்டும் வாங்க மாட்டா. திமிருன்னு நினைச்சேன். எழும்பி நில்லுன்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்."

அப்புறம் அவள் பேசவில்லை. வெளியே ஓய்வுநாள் முடிந்து டிராம் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது.

மார்ச் 24, ஞாயிறு

வெயில்! போகும் நாளில்தான் இந்த ஊருக்கு வெயிலடிக்கத் தோன்றியது.

அம்மா இப்போது ஊன்றுகோலோடு மெல்ல நடக்கிறாள். ஊன்றுகோல் விடுதிப் பையன் எங்கிருந்தோ கொண்டுவந்தது, இரவலா சொந்தமா என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினான். டிராமில் ஹெர்ட்சல் மலைவரை ஆளுக்கு 5.90. காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு யாத் சாராவுக்குப் போனோம். பிரேக், சக்கரம் பார்த்து, முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்கள். சேச்சி வரும் நாள் செவ்வாய், அவர் இல்லை. முன்பணத்தை நோட்டாகவே அம்மா வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வாசலில் உண்டியல். அம்மா அதன்முன் நின்று என்னைப் பார்த்தாள்.

"அங்கிட்டுத் திரும்பு."

"என்னம்மா?"

"திரும்புடீன்னா."

திரும்பிக்கொண்டேன். எதிர்ச்சுவரில் ஏதோ எபிரேய அறிவிப்பு. ஒரு எழுத்தும் தெரியாமல் அதை முழுவதும் வாசித்தேன். பின்னால் கைப்பை திறக்கும் சத்தம், பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை, பிறகு கைப்பை மூடும் சத்தம்.

விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருப்பு, பைகளை இரண்டு முறை கொட்டிப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து உட்கார்ந்தபோது அம்மாவுக்குத் தேநீர் வேண்டும் போலிருந்தது. ஒரு கோப்பை 14 ஷெக்கல். கைப்பையைத் திறந்து, சிவப்பு நூல் கட்டிய கையால் உள்ளே துழாவி, மூடினாள்.

"மக்கா, உங்கிட்ட ஷெக்கல் ஏதாவது மிச்சம் கெடக்கா?"